கரிசல் மண்ணும் என் வாத்தியார் வேலையும்

மண் ஆய்வுக்கூடத்தின் முதல் வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கமே போனதில்லை. 100 மில்லி வரை கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குவளைகள் மேசையில் இருக்கும். அடுப்பில் உலர்த்திச் சலித்த கரிசல் மண்ணைப் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டிலும் போடச் சொல்வேன். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர். கம்பியால் மெல்லக் கிளறிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு, நாளைக்கு வந்து பாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பிவிடுவேன்.

மறுநாள் வந்தால் மண்ணெண்ணெய்க் குவளையில் மண் போட்டபடியே அடியில் படிந்திருக்கும். தண்ணீர்க் குவளையில் அதே பத்து கிராம் ஊதி மேலே வந்திருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி கோட்டில் நிற்கும் மண் தண்ணீரில் 20-ஐத் தொட்டால் வீக்கம் 100 சதவீதம். கரிசலில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டது. தண்ணீர் அந்தத் தகடுகளின் இடுக்கில் புகுந்து அவற்றை விலக்கிவிடும். மண்ணெண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது. விலகும்போது பிறக்கும் அழுத்தம் ஒரு மாடி வீட்டின் சுவரைத் தூக்கிப் பிளக்கத் தாராளமாகப் போதும்.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். எழுத்தாளர் கி.ரா. எழுதிய அந்தக் கரிசல்காடுதான் எங்கள் ஊரும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் வெடிப்பில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழை இரண்டு பெய்துவிட்டால் அந்த வெடிப்பு இருந்த இடமே தெரியாது. எங்கள் வீட்டுச் சுவரும் அப்படித்தான். சன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறிய விரிசல் கோடையில் விரல் நுழையும் அளவுக்குத் திறக்கும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். தொடக்கப்பள்ளி ஆசிரியரான அப்பா, கொத்தனார் பேச்சைக் கேட்டு ஒருமுறை வாசலையே மாற்றி வைத்தார். வாஸ்து சரியில்லையாம். விரிசல் அதன் வழியில் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பின்னாளில் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. வீட்டின் வடபுறம் அங்கணம். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் நாள் முழுக்க அங்கேதான் இறங்கும். அந்தப் பக்கத்து மண் எப்போதும் ஊறி உப்பியே இருக்கும். தென்புறம் வெயில்பட்டுச் சுருங்கும். ஒரே வீட்டின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் இறங்கினால் சுவர் கோணலாகத்தான் விரியும். வாசலை மாற்றியதற்குப் பதில் அங்கணத் தண்ணீரை ஒரு வாய்க்கால் கட்டித் தள்ளி விட்டிருந்தால் விரிசலில் பாதி நின்றிருக்கும். கரிசல்காட்டில் வீடு வைத்திருப்பவர்களிடம் இதை நான் இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கடைக்காலைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள். சுவரை ஒட்டி மரம் வைக்காதீர்கள். வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும்.

நான் படித்த காலத்தில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதன் மேல் ஒரு வருடம் பி.யு.சி., அதன் மேல் ஐந்து வருடம் பி.இ. என்று இருந்தது. 1976-இல் நான் சிவில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சிவில், வெயில்ல நிக்கணுமே’ என்று கேட்காத உறவினர் இல்லை. அப்பா மட்டும், ‘நம்ம வீட்டுச் சுவர் ஏன் வெடிக்குதுன்னு அவ கண்டுபிடிக்கட்டும்’ என்றார். அதன் பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எம்.இ. படிக்க 1981-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு வந்தேன். மண் இயக்கவியலும் அடித்தளப் பொறியியலும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. அந்தச் சிவப்புக் கட்டடத்தில் எனக்கு முன்னால் நடந்துபோன பெண்களைப் பற்றி அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் அ. லலிதாவைப் பற்றிப் படித்தேன். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். மகளுக்காக அவரே கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி 1940-இல் சேர்த்துவிட்டார். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளரானார். கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்து பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் துணை மின்நிலையங்களுக்கு வரைபடம் போட்டார். அவர் காலத்தில் கிண்டியில் சிவில் படித்தவர்கள் பி.கே. தெரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். தெரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். பாலமும் சாலையுமாக ஒரு மாநிலமே அவர் கையில் இருந்தது. இதையெல்லாம் 1981-இல் யாராவது எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! அதனால்தான் நான் வாத்தியாரான பிறகு ஒவ்வொரு புது வகுப்பிலும் இந்த மூன்று பெயர்களையும் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

எம்.இ. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது களிமண்ணின் வலிமை. ட்ரையாக்சியல் என்ற கருவியில் செய்யும் சோதனை அது. 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் உள்ள மண் உருளையை ரப்பர் உறைக்குள் போட்டு, தண்ணீர் நிரம்பிய கலத்தில் நிறுத்தி, சுற்றிலும் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெல்ல மெல்ல நசுக்க வேண்டும். மணலென்றால் சீக்கிரம் முடியும். களிமண்ணிலிருந்து நீர் வடிவதற்கு நேரம் கொடுத்து நசுக்கினால் பகலும் இரவும் ஓடும். இடையில் நிறுத்த முடியாது. இப்போது கணினியே அளவைப் பதிந்துகொள்கிறது. அப்போது முள் நகர்வதைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

நான் தங்கியிருந்த விடுதியின் கதவு மாலையே சாத்தப்பட்டுவிடும். ஆண்கள் இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்து அளவெடுத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு அரை நாளில் முடியும் தலைப்பாகப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதை அன்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அந்தத் தலைப்பு வேண்டாம் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ஆய்வுக்கூட உதவியாளரின் மனைவி இரவில் துணைக்கு வந்து படுத்துக்கொள்வார் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். அந்த அம்மா ஒரு தூக்குவாளியில் காப்பியும் ஒரு பாயும் கொண்டுவருவார். நடுச்சாமத்தில் எழுந்து, ‘முள்ளு நகர்ந்துச்சா கண்ணு?’ என்று கேட்பார். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

1984-இல் அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கல்யாணம், மகன், இடமாறுதல்கள் என்று எல்லோருக்கும் நடப்பது எனக்கும் நடந்தது. மத்திய அரசின் தர மேம்பாட்டுத் திட்டத்தில், கியூ.ஐ.பி. என்பார்கள், சம்பளத்தோடு விடுப்புப் பெற்று முனைவர் பட்டமும் முடித்தேன். அந்த மூன்று வருடமும் மகனை வளர்த்தவர் என் அம்மா. பெண் பேராசிரியர் என்று ஒருத்தி எங்காவது இருந்தால் அவளுக்குப் பின்னால் ஒரு அம்மாவோ மாமியாரோ இருப்பார். அவர்கள் செய்த வேலைக்குக் கணக்கும் இல்லை, ஊதியமும் இல்லை.

என் வேலையில் நான் உண்மையாகச் சண்டை போட்டது ஒரே ஒரு இடத்துக்காகத்தான். துளை போடும் இடம்.

கட்டடம் கட்டும் முன் நிலத்தில் துளை போட்டு மண் பார்க்க வேண்டும். இரும்பு முக்காலி நட்டு, வின்ச்சில் கயிறு சுற்றி, ஆழம் ஆழமாகத் துளைத்து இறங்குவார்கள். ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் நிறுத்தி, பிளந்து திறக்கக்கூடிய ஒரு குழாயைத் துளையின் அடியில் வைத்து, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் தண்டின் மேல் விழவிட்டு அடிப்பார்கள். முதல் 15 சென்டிமீட்டர் கணக்கில் வராது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்பதுதான் எஸ்.பி.டி. எண். நான்கு அடியில் இறங்கிவிட்டால் மெத்து மண். முப்பது, நாற்பது என்று போனால் இறுகிய மண். உலகம் முழுக்க எத்தனையோ அடித்தளங்கள் இந்த எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. அதனால் அடியை எண்ணுகிறவர் நேர்மையாக எண்ண வேண்டும், முழு உயரத்திலிருந்து சுத்தியல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். துளை ஓரத்தில் நின்றால்தான் இது நடக்கும்.

குழாயைத் திறந்ததும் வரும் மண்ணைக் கையில் எடுக்க வேண்டும். வண்டலா களிமண்ணா என்று கண்ணுக்குத் தெரியாது. ஈர மண்ணை உள்ளங்கையில் வடைபோலத் தட்டி, கையைப் பக்கவாட்டில் குலுக்கினால் வண்டலின் மேல் தண்ணீர் பளபளவென்று ஏறி வரும். விரலால் அழுத்தினால் அந்தப் பளபளப்பு மறைந்துவிடும். களிமண் எவ்வளவு குலுக்கினாலும் மினுங்காது. ஒரு துணுக்கைக் கண்ணாடி மேல் வைத்துக் கையால் உருட்டினால் களிமண் 3 மில்லிமீட்டர் கயிறாக நீளும். வண்டல் உடையும். அழுகிய இலைதழை சேர்ந்த மண்ணென்றால் மூக்குக்கே தெரிந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் கைக்குக் கற்றுக்கொடுக்காது. நூறு மண்ணைத் தொட்டவருக்கு வரும்.

இந்த இடத்துக்குத்தான் பெண் வாத்தியார்களை அனுப்பமாட்டார்கள். வெளி ஆட்களுக்கு மண் பரிசோதனை செய்து கொடுக்கும் ஆலோசனைப் பணி கல்லூரிக்கு வரும். அதை ஆண் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு விழா வரவேற்புக் குழு, விடுதிக் காப்பாளர் வேலை, தேர்வுத்தாள் கட்டுவது. மரியாதையாகத்தான் சொல்வார்கள்: ‘மேடம், நீங்க வெயில்ல எதுக்கு அலையணும்? சாம்பிள் லேபுக்கு வந்துடும்.’ பதவி உயர்வு நேர்காணலில் மட்டும், களப்பணி அனுபவம் குறைவு என்பார்கள். ஆலோசனைப் பணியில் எனக்கும் முறை வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். வாய்ப் பேச்சுக்குப் பதில் வராது, தாளுக்கு வரும் என்பது அரசுப் பணியில் நான் கற்ற பாடம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக் கட்டடத்தின் வேலை என் பெயருக்கு வந்தது.

முதல் நாள் தளத்தில் இறங்கியபோது மேஸ்திரி நாற்காலி கொண்டுவந்து மர நிழலில் போட்டார். பக்கத்துக் கட்டடத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் சும்மாடு வைத்துச் சட்டி தூக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் அந்த வரிசையில் இருந்தாள். சித்தாளுக்கு வெயில் கிடையாதா? கட்டுமானத் தளம் பெண்ணுக்கு ஏற்ற இடமில்லை என்று சொல்லும் யாரும் அங்கே நாள் முழுக்கச் சுமக்கும் பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுமக்கலாம், அளக்கக்கூடாது என்பதுதான் வழக்கம். நாற்காலியை நான் துளை ஓரத்துக்குத் தூக்கிவந்து அதன் மேல் குறிப்பேட்டை வைத்தேன். வின்ச் இயக்கிய ஆபரேட்டர் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இனிமே நீங்களே எண்ணிக்கிடுங்க மேடம், நான் அடிக்கேன்’ என்றார். மண்ணைத் தொட்டுச் சொல்வதில் எனக்கு அவர் ஒரு ஆசான். சுத்தியல் விழும் சத்தத்தை வைத்தே, ‘இப்ப சுக்காம்பாறை வந்துரும்’ என்பார். வரும்.

சித்தாள் பெண்களோடு பழகியதில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பெண்களைத் தளத்திலிருந்து விரட்டுவது வெயில் இல்லை. கழிப்பறை இல்லாததுதான். விடியும் முன் போய்விட்டு வந்து, பொழுது சாய்கிறவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். கேட்டால், ‘வேற என்ன தாயி செய்ய’ என்பார்கள். 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் தளத்தில் கழிப்பறை கட்டாயம் என்றது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. நான் ஆலோசனைப் பணிக்கு ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு கடிதத்திலும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் எங்கள் குழு வரும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் தகரமடித்துக் கட்டினார்கள். என் மாணவிகளுக்காகக் கட்டியதைச் சித்தாள்களும் பயன்படுத்தினார்கள். சில இடங்களில் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். சாவியை நானே வாங்கி அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

துளை ஓரத்தில் நிற்பதன் பயனைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். ஒரு பொதுக் கட்டடத்துக்கு வேறு யாரோ செய்து கொடுத்த மண் அறிக்கை என்னிடம் சரிபார்க்க வந்தது. நான்கு துளைகள். நான்கிலும் அடுக்குகள் ஒரே ஆழத்தில் மாறின, எண்கள் ஒன்றிரண்டு முன்பின்னாக ஒரே வரிசையில் இருந்தன. நிலம் இப்படி ஒழுங்காக இருக்காது. மண் மாதிரி டப்பாக்களைக் கேட்டேன். ஒரு துளையின் டப்பாக்கள்தான் வந்தன. மீண்டும் துளை போடாமல் கையெழுத்திட முடியாது என்று சொல்லிவிட்டேன். போட்டோம். மாணவர்களும் மாணவிகளும் முறை வைத்து எண்ணினார்கள். மேலே மூன்று மீட்டருக்குக் கல்லாக இறுகிய களிமண். அதற்கடியில் சாம்பல் நிறத்தில், சுத்தியல் மூன்றே அடியில் இறங்கிப்போன மெத்து மண். பழைய குட்டை ஒன்றைத் தூர்த்த இடம் அது. அறிக்கையில் அந்த அடுக்கே இல்லை. அடித்தளத்தை, ஆழத்தில் இறங்கும் தூணான பைலுக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடம் விரிசலின்றி நிற்கிறது. உள்ளே தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்துபோகிறார்கள்.

கரிசலில் இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். துளை போட்ட மாதம் எது? மே மாதத்தில் காய்ந்து இறுகிய கரிசலில் அடித்தால் எண் பெரிதாகவே வரும். அதே இடத்தில் மார்கழியில் அடித்தால் பாதியாகக் குறையும். கோடை எண்ணை நம்பி ஆழமில்லாத அடித்தளம் போட்ட வீடுகள்தான் முதல் மழையில் விரிகின்றன. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் முறையை உருவாக்கியது. ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேல் மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில், தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குத் துளையை விரித்துக் கான்கிரீட் நிரப்புவார்கள். மண் உப்பித் தூக்கினாலும் குமிழ் கீழே பிடித்துக்கொள்ளும். பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இன்னொரு வழி கண்டார். வீங்காத ஒட்டுமண்ணை ஒரு மீட்டர் அளவுக்கு மேலே பரப்பி இறுக்கினால் அடியில் உள்ள கரிசலின் வீக்கம் அடங்குகிறது. கால்வாய்களுக்கு அது பெரிய உதவி. இரண்டுமே நம் நாட்டு மண்ணுக்காக நம் நாட்டில் வளர்த்தெடுத்தவை. பாடத்தில் ஓரமாக ஒரு பத்தியில் வருகிற இவற்றுக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் சரிவுகள் விழுந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையில் வீடு கட்டச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவது, தாங்குசுவரில் கசிவுத் துளை விடாமல் பூசிவிடுவது, ஓடையின் மேல் மண் போட்டு மூடுவது என்று அங்கே நான் பார்த்தவை என்னைத் தூங்கவிடவில்லை. மண் இயக்கவியலைத் தொடங்கிவைத்த கார்ல் டெர்சாகி இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது, கையில் கிடைத்த பழைய சாமான்களைக் கொண்டு கருவி செய்து கண்டறிந்தது இதைத்தான்: மண்ணின் வலிமை, துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்துவதில் இருக்கிறது. இடுக்கில் உள்ள நீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அவருடைய புத்தகம் 1925-இல் வெளிவந்தது. சுவருக்குப் பின்னால் சேரும் நீரை வெளியேற்றும் கசிவுத் துளை ஒரு முழக் குழாய்த் துண்டு. அதன் விலையில் ஒரு குடும்பத்தின் உயிரே இருக்கிறது. அந்த மழைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மூன்றாமாண்டு மாணவர்களை மலைக்கு அழைத்துப்போய்த் தாங்குசுவர்களைப் பார்க்க வைத்தேன். அடைத்துப்போன துளைகளைக் குச்சியால் குத்தி எடுத்துவிட்டு வருவார்கள்.

டெர்சாகியின் மனைவி ரூத் டெர்சாகியும் நிலவியலாளர். 1965-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று பாறைப் பொறியியலில் இன்றுவரை நிற்கிறது. பாறையில் உள்ள பிளவுகளைத் துளை போட்டு எண்ணும்போது, துளைக்குக் குறுக்கே ஓடும் பிளவுகள் நிறையச் சிக்கும், துளையின் போக்கிலேயே ஓடும் பிளவுகள் சிக்கவே சிக்காது. சிக்காதவை இல்லாதவை ஆகிவிடாது. அவற்றை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்பதற்கு அவர் கொடுத்த திருத்தம் அவர் பெயரிலேயே வழங்குகிறது. டெர்சாகி என்றால் கணவரை மட்டும் நினைக்கும் வகுப்பறைகளில் இதை நான் தவறாமல் சொன்னேன்.

நான் 2017-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வந்த செய்திகளில் என்னை மிகவும் நெகிழ வைத்தது ஜம்மு காஷ்மீரின் செனாப் ரயில் பாலம். 2025 ஜூன் 6 அன்று திறந்தார்கள். ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரம். அந்தப் பாலத்தின் கால்கள் நிற்கும் மலைச்சரிவு பிளவு பிளவாக உடைந்த பாறை. அதை உறுதியாக்கும் வேலையில் பதினேழு ஆண்டுகள் துணைநின்றவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜி. மாதவி லதா. தோண்டத் தோண்டப் பாறை வேறு முகம் காட்டியதால், முன்கூட்டி முடிவு செய்த வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் தளத்தில் கண்டதற்கேற்ப மாற்றிக்கொண்டே போனார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சரிவுக்கு நேரில் போகாதவரால் அப்படி வடிவமைக்கவே முடியாது. பாலம் திறந்தபோது நாடெங்கும் அவரைப் புகழ்ந்தார்கள். நியாயமான புகழ். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து செய்த வேலை, என்னை மட்டும் தூக்கிப் பேசாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். எனக்கு முக்கியமாகப் பட்டது, பதினேழு ஆண்டுகள் ஒரு பெண் பேராசிரியருக்கு அந்தச் சரிவுக்குப் போகும் பொறுப்பை ஒரு நிறுவனமும் ஒரு ரயில்வே திட்டமும் தந்தன என்பது. நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு தரப்படுகிறது?

தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் 500-க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள் இருந்தன. கணினி வகுப்புகள் நிரம்ப, சிவில் இடங்கள் காலியாகக் கிடந்தன. இருக்கும் சிவில் வகுப்புகளில் பெண்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். நன்றாகவே படிக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக, கிராமத்துப் பள்ளியிலிருந்து வரும் பெண்களுக்கு மண்ணைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதே குறைவு. செவல், கரிசல், குறுமண், சுண்ணாம்புக்கல் தரை என்று வயலில் தெரிந்துகொண்டதைக் கோடுகளோடும் எண்களோடும் சேர்த்துவிட்டால் போதும், பாடம் ஏறிவிடும். படிப்பு முடிந்ததும் பெரும்பாலோரை மென்பொருள் நிறுவனமோ கணினியில் வரைபடம் போடும் மேசையோ இழுத்துக்கொள்கிறது. தளப் பொறியாளர் வேலைக்கான நேர்காணலில், இரவில் கான்கிரீட் போட்டால் நிற்பாயா, கல்யாணமானால் என்ன செய்வாய் என்று இன்றும் கேட்கிறார்கள். ஆணிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை.

என் மாணவிகளில் சிலர் பொதுப்பணித் துறையில் இருக்கிறார்கள். ஒருத்தி துறைமுகக் கட்டுமானத்தில், ஒருத்தி சுரங்கப்பாதை வேலையில். மழைக்காலத்தில் நடுராத்திரி போன் செய்து, ‘மேடம், துளையில் தண்ணி ஏறி வருது, மணல் பொங்குது, என்ன பண்ண?’ என்று கேட்பார்கள். தூக்கம் கலைந்ததற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. துளைக்குள் நீர்மட்டத்தை வெளியே உள்ள மட்டத்துக்கு மேலாகவே வைத்திரு, பென்டோனைட் களிமண் கரைசலைக் குறையவிடாதே என்று சொல்லிவிட்டு, அடுத்த எஸ்.பி.டி. எண் என்ன வந்தது என்று காலையில் கேட்பேன்.

கல்லூரியில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள், ஆலோசனைப் பணிகளைப் பங்கிடும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் துறையின் பெண் ஆசிரியர்கள் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இல்லையென்றால் வரும் பருவத்திலேயே சேருங்கள், கழிப்பறைக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள். வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. மண் பரிசோதனைக்குப் பணம் கொடுத்துவிட்டு அறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். துளை போடும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். சுத்தியல் முழு உயரத்திலிருந்து விழுகிறதா என்று பாருங்கள், அடியை நீங்களும் எண்ணுங்கள், ஒவ்வொரு ஆழத்து மண்ணையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வாங்கி வையுங்கள். உங்கள் மகள் சிவில் படிக்கிறாள் என்றால் அவளையும் கூட்டிப் போங்கள். குறிப்பேட்டை அவள் கையில் கொடுங்கள்.